வெளியே வருகிறவர்களின் கால்கள்

சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே, பூட்டிக் கிடக்கும் மருந்துக் கடையின் நிழலில் நிற்கிறார். உள்ளே போகிறவர்களை அவர் பார்ப்பதில்லை. போகிறவன் பசியில் போகிறான், அவன் காலுக்கு என்ன தெரியும் என்பார். வெளியே வருகிறவர்களைத்தான் பார்க்கிறார். அதுவும் முகத்தை அல்ல, முழங்காலுக்குக் கீழே. பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள். வயிறு இரைவது அவளுக்கே கேட்கிறது.

“என்னங்க, விலைப் பலகை வாசல்லயே மாட்டியிருக்கு. படிச்சிட்டு உள்ள போலாமே?”

“பலகை கடைக்காரன் எழுதுனது. காலு அவன் எழுதுனதா? இரு.”

சொந்த ஊரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். வாலிபத்திலிருந்து ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் பாதத்தை அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தே காலம் போயிற்று. ஆகையால் மனிதர்களை அவர் கீழிருந்து மேலாகத்தான் அறிவார். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் குனிந்து பார்த்துவிட்டு, “அட, நீங்களா!” என்று அப்புறம்தான் நிமிர்வார். சொந்த மைத்துனர் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தபோது, யாரோ என்று நினைத்து விலை சொல்ல ஆரம்பித்தார். இதை நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும். மைத்துனர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்படுகிறார்.

மனைவி ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிறாள். கட்டிலுக்குக் கட்டில் நடப்பதும் நிற்பதும்தான் வேலை. உட்கார்ந்தால் மேற்பார்வைக்காரிக்கு மூக்கில் வேர்த்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்கு விடுப்புக் கிடைக்கும்போது இவரும் கடையைப் பூட்டிவிட்டு, இருவரும் ஏதாவது ஒரு நகரத்துக்குப் போய் நாலு நாள் ஆற அமர இருந்துவிட்டு வருவார்கள். ஆற அமர என்பது அவர் சொல். ஆறுவதற்குச் சோறு வந்தால்தானே, அமர்வதற்கு நாற்காலி கிடைத்தால்தானே என்பது அவள் கேள்வி.

அவருடைய சாத்திரம் இதுதான். விறுவிறுவென்று வெளியே வருகிறவன் வயிற்றை நிரப்பிக்கொண்டான், அவ்வளவே. படியில் நின்று எந்தப் பக்கம் போவது என்று மறந்து திகைக்கிறான் பாருங்கள், அவன்தான் சாப்பிட்டவன். வாசலில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் இருந்தால் அந்தக் கடையை விட்டுவிட வேண்டும். “குனிய முடியுதுன்னா வயித்துல இன்னும் எடம் இருக்குன்னு அர்த்தம். எடம் இருக்குன்னா ருசி இல்லன்னு அர்த்தம்.” கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரு கடையிலிருந்து அத்தனை பேரும் அன்னநடை போட்டு வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தரையை அப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். இன்னொரு முறை இவரைப் பரவசப்படுத்திய கால்கள் எல்லாம் மாடியிலிருந்த எலும்பு வைத்தியரிடமிருந்து இறங்கி வந்த கால்கள். அன்றைக்குக் கிடைத்தது ஆறிப்போன ரொட்டி. “வைத்தியர் நல்லவரு போல,” என்று சொல்லிக்கொண்டே அதையும் தின்று முடித்தார். தோற்றாலும் மண் ஒட்டவிடாத மீசை அது.

தங்குகிற இடமும் அப்படியே. பெரிய ஓட்டல் என்றால் ஆகாது. கம்பளம் விரித்து நடையை மறைத்துவிடுகிறார்கள் என்பார். அவருக்குப் பிடித்தவை சந்துக்குள் இருக்கும் சின்ன விடுதிகள். சாவியோடு பெரிய மரக்கட்டை தொங்க வேண்டும், குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் விட வேண்டும், மாடிப்படியின் நடுப்பகுதி தேய்ந்திருக்க வேண்டும். தேய்ந்த படி என்றால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள் என்று கணக்கு. தேய்ந்த படியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவள் கணக்கு வேறு. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, “உக்காரு” என்பார். அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அருங்காட்சியகத்துக்கும் போவார், வாசல் வரைக்கும். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் வேகமா வர்றாங்க, உள்ள ஒண்ணும் இல்ல,” என்று எழுந்துவிடுவார். அந்த நகரத்தைப் பற்றிக் கேட்டால் அங்கே யார் யார் குதிகாலை ஒரு பக்கமாகத் தேய்க்கிறார்கள் என்று சொல்லத் தெரியும்.

இந்த வருஷம் ரயில் ஏறும்போதே மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“வருஷம் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கேன். லீவுலயும் நிக்கணுமா? இந்தத் தடவை ஒரே ஒரு வேளை என்னைப் பட்டினியா நடைபாதையில நிக்க வச்சீங்க, அடுத்த வருஷம் நான் எங்கக்கா வீட்டு சோபாவுல போய்ப் படுத்துக்குவேன். நீங்க தனியா வந்து யார் காலை வேணும்னாலும் பாருங்க.”

அவர் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டார். ருசியான ஒன்று வாயில் விழுந்தால், “பாத்தியா, சொன்னேன்ல?” என்று கேட்க எதிரே ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. ஆள் இல்லாவிட்டால் அவருக்கு ருசியும் இல்லை, நகரமும் இல்லை.

முதல் நாள் ஒழுங்காக இருந்தார். மெத்தை போட்ட நாற்காலி இருக்கிறது என்பதற்காக அவள் ஒரு கடையைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு போனார், வாயை மூடிக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் விடுதிக்காரர் தாமதமாக எழுந்ததால் பலகாரம் கிடைக்கவில்லை. மத்தியானம் நல்ல பசியோடு இருவரும் தெரு முனையைத் திரும்பும்போதுதான் அந்தச் சின்ன ஓட்டல் கண்ணில் பட்டது. மாடியில் அறைகள், கீழே சாப்பாட்டுக்கூடம். வாசலில் கால்கள்.

அவர் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டார்.

அப்படி ஒரு நடையை அவர் பார்த்ததே இல்லை. ஒருவர்கூட அவசரப்படவில்லை. படியிறங்கி நின்றார்கள், போக மனசில்லாமல் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் மற்றொருத்தியின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். வாட்டசாட்டமான ஒரு மனிதர் நெஞ்சில் கையை வைத்தபடி படியிலேயே உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தா, பாரு! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சமையல்!”

“நிக்க மாட்டேன்னு சொன்னேன்.”

“நிக்க வேணாம். நேரா உள்ள போறோம்.”

கதவருகே நின்றவர் இவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டினார். என்ன மரியாதை என்று இவர் பூரித்துப் போனார். உள்ளே நீள நீளமாக மேஜைகள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட, மனைவி முதல் வேலையாக உட்கார்ந்தாள். கேட்காமலேயே சூப்பும் ரொட்டியும் வறுத்த மீனும் வந்தன. இவர் கரண்டியை எடுத்துவிட்டார். அவள் எடுக்கவில்லை. சுவரோரம் ஒரு மேஜையில் வைத்திருந்த பெரியவர் படத்தையும் அதன் முன்னால் இருந்த பூங்கொத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க. அந்தப் படம்.”

“ஓட்டலை ஆரம்பிச்சவரா இருக்கும்.”

“பக்கத்து மேஜையில அழறாங்க.”

இவர் நிமிர்ந்தார். முதன்முதலாக அங்கே இருந்த முகங்களைப் பார்த்தார். வாயிலிருந்த மீன் வாயிலேயே நின்றது. இது கடை இல்லை. யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்து, கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த கிழவர் குனிந்து, “நீங்க துறைமுக ஆபீஸ்ல அவர்கூட வேலை பாத்தவரா?” என்று கேட்டார். வாயில் மீன் இருக்க, தலை ஆமாம் என்று தானாக ஆடிவிட்டது.

மனைவி மேஜைக்கடியில் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஆஸ்பத்திரிக் கை, ஊசி போட்டதுபோல் இறங்கியது.

“எந்திரிங்க.”

“இப்ப எந்திரிச்சா எல்லாரும் பாப்பாங்க.”

“அப்ப உக்காந்திருங்க. நான் இதைத் தொட மாட்டேன். வார்டுல எத்தனை வீட்டு அழுகையப் பாத்திருக்கேன். பொய் சொல்லி அந்தச் சோத்தைத் திங்க என்னால ஆகாது.” கிண்ணத்தை விரல் நுனியால் தள்ளி வைத்தாள். சூப்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் வயிறு இரைந்தது அவருக்கே கேட்டது.

செத்துப்போனவரின் மகள் மேஜை மேஜையாக வந்துகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. “அப்பாவை உங்களுக்கு எப்படிப் பழக்கம்?” என்று எல்லாரிடமும் கேட்டாள், ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். இவர்கள் மேஜைக்கு வந்தபோது கிழவர் முந்திக்கொண்டு, “துறைமுக ஆபீஸ், அம்மா,” என்றார். ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். இவர், மனைவி தள்ளி வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

“இல்லம்மா. உங்க அப்பாவை எனக்குத் தெரியாது. நான் செருப்புக் கடைக்காரன், வெளியூரு. வெளிய வர்றவங்க மெதுவா நடந்தாங்க. சாப்பாடு நல்லா இருக்கும்னு நெனச்சு உள்ள வந்துட்டேன். இவ வேணாம்னுதான் சொன்னா.”

அந்தப் பெண்ணின் சித்தப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“செத்த வீட்டுல ஓசிச் சாப்பாடா? வெளிய போய்யா! காலைப் பாத்தானாம், காலை!”

“இருங்க சித்தப்பா,” என்றாள் அவள். இவர் பக்கம் திரும்பினாள். “சரி, வந்தீங்க. சாப்பிட்டீங்க. எப்படி இருந்துச்சு?”

வேறு யாராக இருந்தாலும் அமிர்தம் என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்திருப்பார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாடிக்கையாளரிடம், “இந்தச் செருப்பு உங்களைக் கடிக்கும், வேணாம்,” என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ஆள்.

“மீன் பிரமாதம்மா,” என்றார். “சூப்புல உப்பே இல்ல.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எல்லாரும் எழுந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள். “முதல் வாயிலேயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இன்னைக்குப் போய் இதை யார்கிட்ட சொல்றது? அப்பா இருந்திருந்தா சமையல்காரரை மேஜைக்கே வரவழைச்சிருப்பாரு.”

சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். தன் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். “எனக்கும் அப்பவே பட்டுச்சு,” என்று யாரிடமும் இல்லாமல் முனகிவிட்டு உட்கார்ந்தார். “அண்ணன் விட்டிருக்க மாட்டாரு. என்கிட்ட சண்டைக்கே வந்திருப்பாரு.”

“நீங்களும் உக்காருங்கண்ணே,” என்றாள் மகள். “அக்கா, நீங்க ஒண்ணுமே தொடல போலிருக்கே?”

சமையலறைப் பக்கமிருந்து ஓர் உப்புக் குப்பி வந்தது. கிழவர் கைக்குப் போயிற்று. சித்தப்பா எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். மேஜை மேஜையாகச் சுற்றியது. அது போன இடமெல்லாம் பேச்சுக் கிளம்பியது. செத்தவர் எந்த ஊரில் எந்த ஓட்டலில் யாரோடு சண்டை போட்டார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். செருப்புக் கடைக்காரர் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, மேஜைக்கடியில் தன் மனைவியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை எழுந்து போகப் போகின்றனவா இல்லையா என்று அவருடைய சாத்திரத்தால் சொல்ல முடியவில்லை.

மேஜைக்கு மேலே, உப்புக் குப்பி அவளிடம் வந்திருந்தது. சூப்பின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு தட்டும் தட்டினாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.