கத்தி முதுகில் போட்ட பல்

கம்பனி கொடுத்த ஒட்டுக்கத்தியின் முதுகு வழவழவென்று இருந்தது. அதைச் செய்தவன் ரப்பர் பால் பட்ட கையால் ஒரே ஒரு நாள் அதைப் பிடித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டான். இந்த மாதிரிச் சாமான்களைச் செய்கிறவர்களும் வாங்கிக் கொடுக்கிறவர்களும் அவற்றைப் பிடிப்பதே இல்லை.

என் மனைவி பிடித்தாள். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். ஆற்றோரத்தில் இருக்கும் நர்சரியில் அவளுக்கு வேலை. சின்ன ரப்பர் கன்றின் பட்டையை ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்து, நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டை உள்ளே வைத்து, பொலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்ட வேண்டும். ஒட்டுக் கட்டுவது என்போம். அதற்குக் கொடுப்பது மடக்குக் கத்தி. வேலை முடிந்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள்.

அந்த நர்சரி வேலை அவள் கையை விட்டுப் போகக் கூடாது. அப்போது எங்கள் வீட்டில் இருந்த பெரிய கவலை அதுதான். முன்பு அவள் மலையில் பால் வெட்டப் போனவள். ஒரு மழை நாளில் பால் வாளியோடு சறுக்கி விழுந்து வலது முழங்கால் கெட்டுப்போனது. இனி மேடு ஏறவே கூடாது என்று டொக்டர் சொன்னார். சொல்வது அவருக்குச் சுலபம். இந்தத் தோட்டத்தில் மேடு இல்லாத வேலை இரண்டு இடத்தில்தான் உண்டு. ஒன்று நான் வேலை செய்யும் பெக்டரி, மற்றது நர்சரி. பெக்டரியில் இடமில்லை என்றார்கள். நர்சரிக்காக நான் யார் யார் காலிலோ விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன்.

பட்டையை வெட்டும்போது பெருவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து அழுத்த வேண்டும். வெட்டியதும் பால் கசியும். விரல் முழுக்கப் பால், கத்தி முழுக்கப் பால். ஒரு நாள் பெருவிரல் முதுகிலிருந்து வழுக்கி, கத்தி திரும்பி, கன்றைப் பிடித்திருந்த இடது கையில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. வெரல் வழுக்கிருச்சு.”

“ஒண்ணுமில்லாததுக்கா நாலு தையல் போட்டாங்க?”

“ஏங்கிட்ட ஏன் பாயுறீங்க? போயி அந்தக் கத்திக்கிட்ட பாயுங்க.”

காயம் ஆறி வேலைக்குப் போனவளுக்குக் கத்தியைக் கண்டால் பயம். இறுக்கிப் பிடித்துப் பிடித்து மெதுவாகிவிட்டாள். மற்றப் பெண்கள் மூன்று கன்று கட்டி முடிக்கும்போது இவள் ஒன்றில் நிற்பாள். நர்சரிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை நாங்கள் மாத்தியா என்போம். கை ஓடாதவர்களை மலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடை. கடைக்கார முஸ்லிம் நானா கண்ணாடிப் பெட்டியில் மடக்குக் கத்திகளை வரிசையாக வைத்திருந்தார். ஒன்றின் முதுகில் குறுக்கே சின்னச் சின்னப் பள்ளங்கள். பெருவிரலை வைத்தேன். ஒட்டிக்கொண்டது மாதிரி நின்றது. விரலை நக்கி ஈரமாக்கி வைத்துப் பார்த்தேன். அப்போதும் நின்றது.

“என்ன அண்ணே, நக்கிப் பாக்குறீங்க? சாப்பாட்டுச் சாமானா இது?”

“வழுக்குதான்னு பாக்குறேன் நானா.”

“வழுக்காது. அதுக்குத்தான் பல்லு போட்டிருக்கு. யாருக்கு, வீட்டுல மெரட்டவா?”

“வீட்டுல என்னயத்தான் மெரட்டுறாங்க.”

“அப்ப பெருசா ஒண்ணு எடுங்க!”

அந்தக் கத்தி நர்சரிக்கு உதவாது. அலகு வளைந்திருந்தது, இரண்டு பக்கமும் தீட்டியிருந்தது. ஒட்டுக்கத்தி நேராக, ஒரு பக்கம் மட்டும் தீட்டியதாக இருக்க வேண்டும். அதோடு கம்பனிக் கத்தி தவிர வேறு எதையும் மாத்தியா உள்ளே விடமாட்டார். நான் ஒரு முக்கோண அரம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெருவிரல் எங்கே வரும் என்று அவளிடம் கேட்டேன். காட்டினாள். பிறகு நாங்கள் குடியிருக்கும் லயத்தின் வாசலில் கத்தியைப் பலகையில் இறுக்கிவைத்து அரத்தால் அறுத்தேன். எஃகில் அரம் லேசில் கடிக்கவில்லை. கடிக்க ஆரம்பித்ததும் எனக்கு வெறி வந்துவிட்டது. அவள் காட்டிய இடத்தோடு நிற்கவில்லை. கைப்பிடியிலிருந்து நுனி வரைக்கும் முதுகு முழுக்கப் பல் போட்டேன். கடைக் கத்தியில் கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத்தான் பல் இருந்தது. ஏன் அங்கே மட்டும் என்று நான் யோசிக்கவில்லை. நிறைய இருந்தால் நிறையப் பிடிக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

அவளுடைய பயம் போய்விட்டது. இரண்டாவது நாளே மற்றப் பெண்களோடு சமமாகக் கட்டினாள்.

“வழுக்குதா?”

“இல்லங்க. நல்லா நிக்குது.”

மூன்று வாரம் நான் பெக்டரியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கம்பனியால் முடியாததை ஓர் அரத்தால் செய்துவிட்டேன் என்று ரோலரில் நிற்கிறவனிடமெல்லாம் சொன்னேன்.

ஒட்டு பிடித்ததா இல்லையா என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். நாடாவை அவிழ்த்து, வைத்த மொட்டுப் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் உயிர், மண்ணிறமாக இருந்தால் செத்தது. அவள் கட்டிய வரிசையில் ஒன்று மாற்றி ஒன்று மண்ணிறம். அதற்குள் இன்னும் மூன்று வாரக் கன்றுகளை அதே கத்தியால் கட்டியிருந்தாள். அவையும் அப்படித்தான் போகும் என்று பார்க்காமலே தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் பெயர் பால் வெட்டுகிறவர்களின் பட்டியலில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் தானாக முளைத்திருந்த ஒரு ரப்பர் கன்றிடம் என்னைக் கூட்டிப்போனாள். ஜன்னல் வெட்டினாள். பாலைத் துடைத்தாள். பிறகு கத்தியைத் திருப்பி, நுனிப்பக்க முதுகைப் பட்டைக்குள் நுழைத்து, தோலை உரிப்பது மாதிரி மெல்லக் கிளப்பினாள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக, குழந்தையின் ஈறு மாதிரி இருந்தது. அதன்மேல் என் அரத்தின் பல் ஒவ்வொன்றும் கோடு கோடாகக் கீறியிருந்தது.

“இதுல ஒரு கீறல் விழக்கூடாதுங்க. விழுந்தா மொட்டு ஒட்டாது.”

கல்யாணம் முடித்துப் பதினொரு வருடம். அதில் நான்கு வருடம் நர்சரி. அவள் ஒட்டுக் கட்டுவதை நான் பார்த்தது அன்றுதான். கத்தி முதுகால் பட்டையைக் கிளப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. பெருவிரல் எங்கே வரும் என்று கேட்டேன். முதுகால் வேறு என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

“முதல்லயே சொல்ல வாயில்லயா ஒனக்கு?” என்று கத்தினேன். என்மேல் வந்த ஆத்திரத்தை அவள்மேல் கொட்டினேன். எனக்கு அதுதான் பழக்கம்.

“கட்டுற அவசரத்துல கீறுறது தெரியலங்க. தொடச்சாலும் உடனே பால் வந்து மூடிருது. வெரல் வழுக்கல, அது போதும்னு இருந்துட்டேன்.”

மறுநாள் முதுகு முழுக்க அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, கத்தியை எடுத்துக்கொண்டு மாத்தியாவிடம் போனேன். முழங்காலைச் சொன்னேன், டொக்டர் துண்டைக் காட்டினேன். சிங்களத்திலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். லிஸ்ட் போய்விட்டது என்றார். கத்தியை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். அடுத்த வாரம் அந்தக் கத்தியையே எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கிற பெண்ணுக்குக் கொடுத்தார். என் மனைவியின் இடத்துக்கு வந்தவள் அவள்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

“அண்ணே, அக்காவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் பல்லு போட்டுத் தாங்களேன். ரொம்ப வழுக்குது.”

“ஒனக்கு என்ன பைத்தியமா? அது போட்டதுலதானே இவளுக்கு வேல போச்சு.”

“நீங்க போட்டதுன்னு எனக்குத் தெரியும். மாத்தியாவுக்குத்தான் தெரியாது. ஒட்டு செத்துப்போன அன்னிக்கு அவரு கத்தியத் தடவிப் பாத்துட்டு, ‘மேக கவுத கெருவே’ன்னு கேட்டாரு. யாரு செஞ்சதுன்னு. அக்கா ‘மம தமய்’ன்னுட்டாங்க. நான்தான்னு. அன்னிக்கு நாடா அவுக்க என்னயும் கூப்பிட்டிருந்தாங்க, பக்கத்துலதான் நின்னேன்.”

இது எனக்குத் தெரியாது. திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்ன என்ன சொல்றது? பெக்டரியிலயும் ஒங்கள நிப்பாட்டிட்டா யாரு சோறு போடுறது? வாய மூடிக்கிட்டு அந்த அரத்த எடுங்க.”

எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அவள் கத்தியை வாங்கி வேலை செய்கிற மாதிரி பிடித்தாள். எங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பேனாவால் முதுகில் இரண்டு கோடு போட்டாள். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருவிரல் அகலம்கூட இல்லை.

“இதுக்குள்ள மட்டும். நுனிப் பக்கம் போனீங்கன்னா கைய ஒடைப்பேன்.”

எட்டுப் பல் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அறுத்தேன். அவள் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கீறுகிறதா என்று நுனிப்பக்க முதுகைத் தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு மடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

“யாரும் கேட்டா?” என்றாள் அந்தப் பெண்.

“அவர்னு சொல்லாத. நான்னு சொல்லு. என்னய அனுப்ப இனி எடம் இல்ல.”

காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். லயத்து முனையில் பாதை பிரிகிறது. அந்தப் பெண் ஆற்றுப் பக்கம் போனாள். என் மனைவி வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் முழங்காலைப் பிடித்தபடி மேட்டில் முதல் படியை ஏறினாள்.