தகரக் கூரைக்கு அடியில்

குண்டாபி என்ற சிற்றூரில் கடைத்தெரு முழுக்க நடைபாதைக்கு மேல் தகரக் கூரை நீண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை காலைகளில் நெரிடா கோக்லன் அதன் அடியில்தான் நடப்பாள். கசாப்புக் கடை, தபால் நிலையம், ரொட்டிக் கடை, கடைசியில் பயணிகள் தகவல் நிலையம். வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவளுடையது. மற்றபடி வீடு, கணவர் லெஸ். அவருக்கு ஞாபகம் போய்விட்டது. கதவு திறந்திருந்தால் நெடுஞ்சாலைக்கே போய்விடுவார். அதனால் சாவி எப்போதும் அவள் சட்டைப்பையில் இருக்கும். செவ்வாய்தோறும் ஊர் முன்னேற்றச் சங்கம் அனுப்பும் ஒரு பணிப்பெண் வந்து அவரோடு உட்காருவாள்.

தகவல் நிலையத்தில் பயணிகளுக்குக் கொடுக்கும் ஊர் வரைபடம் நெரிடாவின் வேலை. கட்டடங்கள் ஜன்னலும் பெயர்ப்பலகையுமாக எழுந்து நிற்கிற மாதிரிப் படம். கையால் வரைந்தது பழசாகிவிட்டது. இனிக் கணினியில் செய்யலாம், மென்பொருளை நெரிடாவே பார்த்துச் சொல்லட்டும் என்றது ஊர் முன்னேற்றச் சங்கம்.

இரண்டு தேறின. ஒன்று அவள் மடிக்கணினியிலேயே ஓடும். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக் கட்டடங்களைத் தானே எழுப்பிவிடும். மற்றது கனமானது. தகவல் நிலையத்துப் பெரிய கணினியில்தான் ஓடும், ஒவ்வொரு முகப்பையும் உட்கார்ந்து வரைய வேண்டும். சங்கத் தலைவர் மெர்வ் டாஸ்கருக்கு முதலாவதுதான் பிடித்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், நெரிடா அலைய வேண்டாம், பணிப்பெண்ணையும் வேறு வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு.

லெஸ்ஸை விட்டு ஒரு காலையாவது வெளியே இருக்க வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பதில் அவள் முதல் மென்பொருளில் கடைத்தெருவைச் செய்து, அச்சடித்துக் கூட்டத்தில் விரித்தாள்.

"உன் கடை எங்க இருக்கு மெர்வ், காட்டு பாக்கலாம்."

மெர்வ் கண்ணாடியை ஏற்றி இறக்கித் தன் இரும்புக் கடையைத் தேடினார். மேலிருந்து பார்த்தால் தெரு முழுக்க ஒரே தகரம்.

"இது தெருவா, நான் பன் சுடுற தட்டா?" என்றாள் ரொட்டிக் கடை ஷெரில். எல்லோரும் சிரித்தார்கள்.

கனமான மென்பொருளில் பார்வையை ஆள் உயரத்துக்கு இறக்கலாம், கூரைக்கு அடியிலும் வரையலாம் என்று நெரிடா விளக்கினாள். ஒருமனதாக அதுவே முடிவாயிற்று. அன்று வீட்டுக்கு மெதுவாக, கடை கடையாக நின்று போனாள்.

சனிக்கிழமை அவள் வீட்டு வாசலில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் தகவல் நிலையத்துப் பெரிய கணினி, ஒன்றில் மேஜை, ஒன்றில் மின்சார வேலைக்காரர். பின்முற்றத்தில் யாரோ அடுப்பு மூட்டிச் சாசேஜ் வாட்டத் தொடங்கினார்கள். அந்த ஊரில் கேட்டுவிட்டு உதவுகிற வழக்கம் கிடையாது.

"கடை முகப்பெல்லாம் போட்டோ எடுத்து உள்ள ஏத்திட்டேன் நெரி," என்றார் மெர்வ். "நீ வாசப்படி தாண்ட வேண்டியதே இல்ல."

"மெர்வ், எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை..."

"அத விடு. பணிப்பெண்ண நேத்தே மாத்தியாச்சு. பாவம், அந்த ஹன்டர் கிழவிக்கு யாருமில்ல."

முற்றத்தில் லெஸ் கையில் சாசேஜோடு, பெயர் மறந்துபோன நண்பர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார்.

"டீ போடட்டுமா?" என்றாள் நெரிடா.

செவ்வாய்க்கிழமை திரைக்கு முன் உட்கார்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. லெஸ்ஸும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் பார்வையைத் தகரக் கூரைக்கு அடியில் இறக்கி, கசாப்புக் கடையைத் தாண்டி, தபால் நிலையம் வரை அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவர் திரையைத் தடவித் தேட ஆரம்பித்தார்.

"வீட்டுக்குப் போலாம் நெரி. வீடு எங்க?"

"வீட்லதான இருக்கோம்."

"இல்ல, இதுல எங்க? இதுல காணமே."

அவள் திரையை அணைத்தும் அவர் விடவில்லை, எழுந்துபோய்க் கதவை உலுக்கினார். அவள் அவரைப் பிடித்து உட்காரவைத்து, திரையை மறுபடி போட்டு, தெருவைத் தபால் நிலையத்தோடு நிறுத்திவிட்டு, முதல் வேலையாகத் தன் வீட்டை வரையத் தொடங்கினாள்.