எங்கள் கலாசாரம் என்று அவர் சொன்னது

அந்த அண்ணையை இப்போது கண்டாலும் எனக்கு வயிறு எரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு வந்த நாட்டில், ரானுயி என்ற புறநகரில் வாடகை வீடு. நியூ லின்னில் ஒரு பேக்கரியில் பாணைப் பைகளில் அடைப்பது என் வேலை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டுக் கணிதத்தில் ஒரு பாடத்தை அவள் இப்போதே படிக்கலாம் என்று கணித ஆசிரியை சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே பின்னேரங்களில் அங்கே போய் வரவேண்டும். பாஸ் பண்ணினால் பட்டப்படிப்பு தொடங்கும்போது அந்தப் பாடம் கணக்கில் சேர்ந்துவிடும். பெற்றோர் வந்து, மேல்வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சம்மதம் சொன்னால் போதும். மகள் அன்று சோற்றைப் பிசைந்தபடி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அரசாங்கக் கந்தோருக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போவதென்றால் ஆங்கிலம் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரை முன்னால் விட்டுவிட்டு நாங்கள் பின்னால் நிற்போம். எனக்கோ புதியவர்களைக் கண்டால் தமிழிலேயே வாய் வராது. மகளின் அப்பாவுக்கு இரவு வேலை. "கோயில் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். யாழ்ப்பாணத்தில் வங்கி மனேஜராக இருந்தவர், எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் அண்ணை. மகளின் வயதில் அவருக்கும் ஒரு மகன், வேறு பள்ளிக்கூடத்தில்.

அண்ணை கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஆசிரியருக்குக் கை கொடுத்தார். கிரிக்கெட் பற்றி ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். நானும் மகளும் சுவர் ஓரக் கதிரைகளில் இருந்தோம்.

விரிவுரை முடிய இருட்டிவிடும், பிள்ளை எப்படி வீடு வருவாள் என்று ஆசிரியர் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார். எங்கள் கலாசாரத்தில் பெண்பிள்ளைகளைப் பொழுதுபட்ட பிறகு தனியே விடுவதில்லை, அடுத்த வருடம் எப்படியும் போகத்தானே போகிறாள், இப்போது என்ன அவசரம் என்றார். கலாசாரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசிரியர் தலையைத் தாழ்த்தினார். அதை நாங்கள் மதிக்கிறோம் என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கலாசாரத்தை எங்களையே கேட்காமல் இரண்டு ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் கடையில் வேலை செய்துவிட்டு இருட்டில் தனியே ரயிலில் வருகிற பிள்ளை அவள். அதை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அண்ணையின் காரில் மகள் பின்சீட்டில் அழுதாள். "ஹீ டிடின்ட் ஈவன் ஆஸ்க் மீ, அம்மா."

"தங்கச்சி, நான் நல்லதுக்குத்தான் சொன்னனான்" என்றார் அண்ணை. "நாளைக்கு ஒண்டெண்டால் சனம் உங்களைத்தான் கதைக்கும். கணக்கு எங்க ஓடப்போகுது?"

சிவப்பு விளக்கில் கார் நின்றது. நான் கதவைத் திறந்தேன்.

"எங்க போறீர்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"விசரே உமக்கு? போய் என்ன கதைக்கப்போறீர்?"

கதவை அடித்துச் சாத்தினேன். மகள் மற்றப் பக்கத்தால் இறங்கி ஓடி வந்தாள்.

ஆசிரியர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மகள் பேசப்போனாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கோபம் என்னுடையது, நானே சொல்லவேண்டும். "தட் மேன் நோ ஃபாதர்" என்றேன். "ஐ மதர். ஷீ கோ. நைட், ஐ கோ பிரிங்." அவர் மகளைப் பார்த்தார். "நோ. லுக் மீ" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஒருமுறை மன்னிப்புக் கேட்டார், பிறகு பூட்டிய கதவை மறுபடி திறந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, விரிவுரை உள்ள நாட்களில் வேலை முடிந்து மாவு ஒட்டிய சப்பாத்தோடு நகரத்துக்கு பஸ் ஏறினேன். அவள் கேட்டு நான் போகவில்லை. "அம்மா, ஐ கேன் கம் பை மைசெல்ஃப்" என்று அவள் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்தாள். ஆனால் சொன்ன சொல்லை நான் காப்பாற்றாவிட்டால், அண்ணை சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதற்கு நான் விடமாட்டேன்.

மகள் நல்ல மார்க்கில் பாஸ் பண்ணினாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சனத்தின் நடுவில் அண்ணையின் குரல் கேட்டது.

"நான்தானே பள்ளிக்கூடத்தில போய்க் கதைச்சு எடுத்துக் குடுத்தனான். இல்லையே, தங்கச்சி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல் சிரித்துவிட்டுக் குனிவேன் என்று நினைத்திருப்பார்கள். கேத்தலைக் கீழே வைத்தேன்.

"ஓம் அண்ணை, நீங்கள் கதைச்சனீங்கள்தான்" என்றேன். "பிள்ளையைப் போகவேண்டாமெண்டு கதைச்சனீங்கள். நான் திரும்பிப் போய்த்தான் எடுத்தனான்."

யாரோ ஒரு அக்கா களுக்கென்று சிரித்தாள். அண்ணை கோப்பையை நீட்டியபடியே நின்றார். நான் அவருக்கு ஊற்றவில்லை.