நகரப் பக்கத்து அறை

செய்தி வந்தபோது பினாங்குக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் புஷ்பா அக்காவின் கணவர் லிம். அக்காவுக்கு மாரடைப்பு, கோலாலம்பூர் வீட்டிலேயே முடிந்துவிட்டது என்று மலாய் மொழியில் சுருக்கமாகச் சொன்னார். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த வழியே காரை விட்டேன்.

உங்களுக்கெல்லாம் அவரை எங்கள் உதிரிபாக விற்பனைப் பிரிவின் தலைவியாகத் தெரியும். நான் அவரோடு வேலைக்காக அடிக்கடி பினாங்கு போய், ஜார்ஜ் டவுனில் கடலோரமாக இருக்கும் அந்தப் பழைய பெரிய ஓட்டலில் தங்கியவன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அங்கேதான் இறங்குவார்கள், அதனால் கம்பெனி எங்களையும் அங்கேயே போடும். பளிங்குத் தரை, உயரமான கூரை, உள்ளே நுழைந்ததும் கையில் குளிர்ந்த துண்டு. எல்லோரும் கடல் பார்த்த அறைக்கு அடித்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் நகரப் பக்கம் கேட்பார். வரவேற்பறைப் பெண் ஒருமுறை தானாகவே கடல் பக்கம் மாற்றித் தருவதாகச் சொன்னாள். “கடலு எனக்கு எதுக்குமா, டவுன் பக்கமே குடுலா” என்றுவிட்டார்.

நகரப் பக்கம்தான் சுங்கை பினாங். அங்கே அவருடைய அண்ணன் வீடு. சீனரைக் கட்டிக்கொண்டார் என்று அண்ணன் பேச்சை நிறுத்திப் பல வருடங்கள். பிறந்த ஊரில் ஓட்டலில் படுப்பதைவிட மானக்கேடு நம்மவர்களுக்கு வேறில்லை. அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார், ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டார். காலை உணவுகூட நின்றுகொண்டுதான். கோப்பு கொடுக்க அறைக்குப் போனால், சப்பாத்தைக் கழற்றாமல் நடந்துகொண்டிருப்பார். படுக்கை கலைந்திருக்காது. “அண்ணன் கூப்பிட்டா உடனே கிளம்பணும்ல” என்பார். மேசையில் ஒரு பெட்டி பாசிப்பருப்பு பிஸ்கட் இருக்கும். அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? ஊர் திரும்பும்போது, பினாங்குப் பாலத்தில் வைத்து, அதை என் மடியில் போடுவார். எனக்கு அந்த பிஸ்கட்டே வெறுத்துப் போயிற்று.

போன வருடம் அண்ணன் வந்தார். புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் யாரோ அக்காவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தொழிற்சாலைச் சீருடையோடு வரவேற்பறையில் நின்றார். சோபாவில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

“வீடு இருக்கையில இங்க என்ன படுக்கை? கிளம்பு.”

“அவரையும் கூப்பிடுவியாண்ணே?”

அண்ணன் தரையைப் பார்த்தார். “இப்ப நீ வா.”

“ரெண்டு பேரையும் கூப்பிடு, வரேன்.”

அவர் போய்விட்டார். அக்கா வாசலுக்கும் மின்தூக்கிக்குமாக நடையாய் நடந்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. இத்தனை வீம்பு யாருக்காக?

இறுதிச் சடங்குக்கு அண்ணன் வந்திருந்தார். லிம்மின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையை விடாமல் பிடித்திருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்தார்.

“தம்பி, அவ்வளவு பெரிய ஓட்டலு. அங்கயாவது என் தங்கச்சி நல்லா தூங்குச்சா?”

“நல்லா தூங்குவாங்கண்ணே” என்றேன்.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பொய்தான். அவரைத் தெரிந்த நீங்கள் யாரும் அண்ணனிடம் அதைத் திருத்திவிட வேண்டாம்.