ரிஃபாயின் போனுக்கு வந்த படங்கள்

புதுமடத்தில் கல்யாணம் என்றால், பிரியாணிக்கு ஆள் சொல்வதற்கு முன்னால் நஸீஹாவிடம் தேதி கேட்பார்கள். ஆண்கள் பக்கம் படம் எடுக்க ராமநாதபுரத்திலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம். முக்காடு விலக்கி, நகை பூட்டி, கேலியும் சிரிப்புமாக இருக்கிற பெண்கள் அறைக்குள் கேமராவோடு நுழைய அவள் ஒருத்திக்குத்தான் அனுமதி.

அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. வேலை முடிந்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி, மணப்பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். ஆல்பம் வேலையையும் பெண் வீட்டிலேயே உட்கார்ந்து முடித்து, லேப்டாப்பில் உள்ளதை அவர்கள் கண்முன்னே அழித்துவிட்டு வருவாள். அவள் எடுத்த ஒரு படம்கூட அந்நிய ஆண் கண்ணில் பட்டதில்லை. அந்த நம்பிக்கைதான் அவளுக்குச் சோறு போட்டது.

நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தது பழைய கேமரா. பத்திரிகைக்காரர் ஒருவர் உபயோகித்ததை, ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் அவள் கணவன் ரிஃபாய் மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்தான். உலோக உடம்பு. கழுத்தில் மாட்டினால் சாயங்காலம் பிடரி கழன்றுவிடும். ஒருமுறை கடற்கரை மணலில் விழுந்தது; ஊதித் துடைத்த கையோடு அடுத்த படத்தை எடுத்தது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு கல்யாணம் தாங்கும். பட்டனைத் தொட்ட கணத்தில் 'சடக்'கென்று படம் விழுந்திருக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்த அறையில் அது கிழடு தட்டிப்போகும். படம் முழுக்க ரவை தூவியது போலப் புள்ளி விழும். பிளாஷ் போட்டே ஆகவேண்டும். வீடியோ என்ற பேச்சே கிடையாது.

ஸ்டூடியோ ஓடாமல் ஷார்ஜாவுக்குப் போன ரிஃபாய், அங்கிருந்து ஒரு புதுக் கேமரா வாங்கினான். "புதுசா கத்துக்கிறவங்க வாங்குற சின்ன மாடல்தான் நஸீஹா. ஆனா உன் பழசு செய்யாததையெல்லாம் செய்யும். என் ரூம்ல வச்சு எடுத்துப் பாத்துட்டேன்" என்று போனில் சிரித்தான். ஊருக்கு வந்த நண்பன் காஜா நவாஸ் கையில் கொடுத்துவிட்டான்.

கேமரா வந்து சேர்ந்த வாரமே, ரிஃபாய் தூக்கத்திலேயே போய்விட்டான்.

அங்கேயே அடக்கம் செய்தார்கள். பெற்றவளும் முகம் பார்க்கவில்லை, கட்டியவளும் முகம் பார்க்கவில்லை. அழுது ஓய்ந்த வீட்டில் அவன் தாயார், நஸீஹாவின் மாமி ரம்ஜான் பீவி மட்டும் அழவே இல்லை.

"மொகத்தப் பாக்காம எப்படிடி நான் மவுத்துன்னு நம்புவேன்? எவனோ ஒருத்தன அடக்கிட்டு ஆள மாத்திச் சொல்றாங்க" என்றாள். இறந்தவனுக்காகக் குர்ஆனின் யாசீன் ஓத வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவன் சாமான்கள் பெட்டியில் வந்தபோது, மாமி கேட்டது அவன் போனை மட்டும்தான். பூட்டுப் போடாத போன். அதை நாள் தவறாமல் சார்ஜ் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து, நஸீஹா ஒரு மத்தியானம் புதுக் கேமராவை எடுத்தாள். கையில் வைத்தால் கனமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் படம் எடுத்தாள். சத்தமே இல்லாமல் படம் விழுந்தது.

அடுத்த அறையில் 'டிங்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து மாமியின் அலறல்.

"ரிஃபாயி! எம் மவன் அனுப்பிட்டான்டி! நம்ம வீட்டுக் கொடியில காயிற துணி! எங்கேருந்தோ பாத்துக்கிட்டு இருக்கான்!"

நஸீஹா ஓடிவந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். ஜன்னல், கொடி, துணி. கொஞ்ச நேரம் அவளும் நம்பித்தான் விட்டாள். பிறகுதான் விளங்கியது. கேமராவைச் சோதித்துப் பார்த்த அன்று ரிஃபாய் அதைத் தன் போனோடு இணைத்திருக்கிறான். போன் பக்கத்தில் இருந்தால், எடுக்கிற ஒவ்வொரு படத்தின் சின்ன நகலும் தானாகவே அதற்குப் போய்விடும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமி, "பசிக்குதுடி, சோறு போடு" என்றாள். மகன் போன நாளிலிருந்து அந்த வாயில் வராத வார்த்தை அது. நஸீஹா சோற்றைத்தான் போட்டாள். உண்மையை முழுங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு அவளே சில சாயங்காலங்களில் முற்றத்துக் கோழியை, வாசலில் வந்த மீன்காரியை எடுப்பாள். உள்ளே 'டிங்' என்று கேட்கும். மாமிக்காக எடுப்பதாகத்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் சமையலறை வாசலில் யாரோ வந்து நிற்பது போல அவள் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தவே முடியவில்லை.

ஊருக்கே அக்கா முறையான குல்சும் லாத்தா வீட்டில் மகள் லாமியாவுக்குக் கல்யாணம் வந்தது. நஸீஹா இரண்டு கேமராவையும் கொண்டுபோனாள்; மாமியும் கூட வந்தாள். ஜன்னலெல்லாம் சாத்திய அறைக்குப் புதுசுதான் தோது என்று அதைக் கையில் எடுத்தாள்.

"ஏண்டி, இது கேமராவா சோப்பு டப்பாவா?" என்றாள் பெண்ணுக்குப் பெரியம்மா முறையானவள்.

"சோப்பு டப்பாதான் பெரியம்மா. உங்க மொகத்துல உள்ள ஒவ்வொரு சுருக்கத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டும்."

"ஆத்தாடி! அப்ப அந்தப் பழசையே எடு தாயி. ரவை விழுந்தாலும் என் வயசு அதுக்குள்ள மறைஞ்சிரும்!"

அறையே சிரித்தது. நிஜமாகவே சின்னக் கேமரா அசத்தியது. பிளாஷே இல்லாமல் லாமியாவின் ஒவ்வொரு இமை முடியும் தெளிவாக விழுந்தது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கண்ணைத் தானே தேடிப் பிடித்தது. பழசாக இருந்தால் அந்த இருட்டில் தடவிக்கொண்டிருக்கும். முடியை அவிழ்த்துப் போட்டு லாமியா தலைக்குப் பூ வைக்க உட்கார்ந்தபோது, நஸீஹா அடுத்தடுத்து நாலைந்து படம் எடுத்தாள்.

'டிங். டிங். டிங்.'

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரம்ஜான் பீவி கைப்பையைத் திறந்தாள். கிளம்பும்போது போன் சார்ஜில் கிடந்ததால், மாமி அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பாள் என்றுதான் நஸீஹா நினைத்திருந்தாள்.

"எங்க ரிஃபாய் லாமியாவைப் பாத்துட்டான்!" மாமியின் முகம் பூரித்துக் கிடந்தது. "பாருங்க, முடிய அவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கா. இப்பதான் அனுப்புறான்!"

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஒருத்தி முக்காட்டை இழுத்துப் போர்த்தினாள். அடுத்தவளும் போர்த்தினாள். மூடிய ஜன்னல்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். லாமியா தாயைக் கட்டிக்கொண்டாள்.

குல்சும் நஸீஹாவின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாள்.

"மவுத்தாப்போன ஆம்பளையோட போன்ல எம் மவ எப்படிடி வந்தா?"

நஸீஹா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆக, உனக்கு முன்னமே தெரியும்."

"தெரியும் லாத்தா. சொன்னா மாமி திரும்பவும் பட்டினி கெடப்பாங்கன்னு..."

"அதுக்கு எம் பொண்ணுதான் கெடச்சாளா? கார்ட மட்டும் எங்கையில குடுத்துட்டு, உள்ளதையெல்லாம் அங்கன அனுப்புவியா?" குல்சும் பிடித்திருந்த கையை உதறினாள். "மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைங்க வர்றதுக்குள்ள இத முடிச்சுவிடு. இல்ல, இனி இந்த ஊர்ல எந்தப் பொண்ணு அறைக்குள்ளயும் நீ கால் வைக்க முடியாது."

எதை முடிப்பது? இணைப்பைத் துண்டிக்கக் கேமராவில் ஒரு பட்டன் போதும். ஆனால் நாளை சத்தம் வராது. நாளை மறுநாளும் வராது. அந்தத் தாய் தன் பிள்ளையை இரண்டாம் முறை சாகக் கொடுப்பாள், அதுவும் எதனால் என்றே தெரியாமல். அதற்குச் சொல்லிவிடுவதே மேல்.

மாமியைக் கொல்லைத் திண்டில் உட்கார வைத்தாள். கேமராவை அவள் கையிலேயே கொடுத்து, விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தாள்.

"என்னைய எடுங்க மாமி."

"எனக்கெதுக்குடி இது?"

"அமுக்குங்க."

மாமி அமுக்கினாள். பையில் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தாள். கிணற்றடியில் நஸீஹா நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. மாமி இன்னொரு முறை அமுக்கினாள். இன்னொரு நஸீஹா வந்தாள்.

மாமி கேமராவைத் திண்டில் வைத்தாள்.

"அப்ப அவன் அனுப்பல."

"இல்ல மாமி. நான்தான்."

"அந்தத் துணி? கோழி?"

"எல்லாமே நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தாள் நஸீஹா. அடித்திருந்தால் தேவலை. மாமி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் போனு யாருது?"

"அவுகளுதுதான்."

"அப்ப நீ எடுத்ததெல்லாம் அவனுக்குப் போயிருக்கு."

தான் கோழியையும் மீன்காரியையும் எடுத்த அத்தனை சாயங்காலமும், கேமராவின் அந்தப் பக்கம் ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தானோ என்று முதன்முதலாக நஸீஹாவுக்குத் தோன்றியது.

மாமி போனை நீட்டினாள். அவள் குரல் கறாராக இருந்தது.

"குல்சும் மவ படத்தையெல்லாம் அழி. அடுத்த வீட்டுப் புள்ளைய அவன் பாக்கக்கூடாது. குல்சும் கண்ணு முன்னாடி அழி. கல்யாணத்துக்கு அந்தப் பழச எடு. அது யாருக்கும் எதையும் கொண்டுபோய்க் குடுக்காது."

குல்சும் பார்க்கப் பார்க்க நஸீஹா போனிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். புதுசில் கிடந்த கார்டைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். கேமராவை அணைத்து மாமியின் மடியில் வைத்துவிட்டு, பழசைக் கழுத்தில் மாட்டினாள். பிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசி, 'சடக்' 'சடக்'கென்று அந்தக் கல்யாணம் நடந்து முடிந்தது. ஒருத்தியும் முக்காட்டை முழுசாக இறக்கவில்லை. ஆனாலும் வாசலில் அந்தக் கார்டையும் வாங்கிக்கொண்ட குல்சும், "ரெண்டாவது மவளுக்குக் கல்யாணம் வைக்கையில வா. பழசோட வா" என்றாள்.

மறுநாள் வீட்டில் யாசீன் ஓதினார்கள். ஆள் சொல்லிவிட்டது ரம்ஜான் பீவிதான். ஓதி முடித்து எல்லோரும் போன பிறகு, அவள் முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, நல்ல துப்பட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். பாஸ்போர்ட்டுக்குத் தவிர இதுவரைக்கும் படத்துக்கு முகம் காட்டாதவள்.

"அந்தச் சின்னத எடுத்துட்டு வாடி."

நஸீஹா கொண்டுவந்தாள். மாமியின் மடியில் மகனின் போன் கிடந்தது.

"நாந்தான் அவன் மொகத்தப் பாக்கல. அவனாவது என் மொகத்தப் பாக்கட்டும். எடு."

நஸீஹா கேமராவை உயர்த்தினாள். அது தானாகவே அந்தக் கண்களைத் தேடிப் பிடித்தது. அமுக்கினாள்.

மடியில் 'டிங்' என்றது. மாமி குனிந்து போனைப் பார்க்கவில்லை. கேமராவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிருச்சா?"

"போயிருச்சு மாமி."

"இன்னொண்ணு எடு. நான் சிரிக்கவே இல்ல."