பின் அறையில் பேசிய தமிழ்

வீரசிங்கம் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று சொல்லும்போது மூச்சை வெளியே விடமாட்டார். உள்ளே இழுப்பார். சூடான தேத்தண்ணியை உதட்டு நுனியால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். தாடை கொஞ்சம் மேலே எழும்பும், கண் ஒருதரம் மூடித் திறக்கும். அவ்வளவுதான் பதில். சோறு போடட்டுமா என்று கேட்டாலும் அதுதான், கொடியில் கிடந்த துணியை எடுத்தீங்களா என்று கேட்டாலும் அதுதான். கல்யாணமான புதிதில் யசோதா அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, பதிலைக் காணோமே என்று கரண்டியோடு ஓடி வருவாள்.

"சொன்னன்தானே" என்பார் அவர்.

"எங்கங்க சொன்னீங்க? மூச்சுத்தானே வாங்குனீங்க?"

யசோதா நாவலப்பிட்டிக்காரி, மலைநாட்டுத் தமிழ் பேசுகிறவள். அப்பாவுக்கு அங்கே ஸ்டேசனுக்குப் போகிற வழியில் பலசரக்குக் கடை. கடைக்கு எதிர்மாடியில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்தான் வீரசிங்கம். சாமான் வாங்க வந்தவர் சாமான் தேவையில்லாத நாளிலும் வந்தார். கல்யாணத்துக்கு அவர் பக்கத்தில் ஒரு பெரியப்பாவைத் தவிர ஒருவரும் வரவில்லை. அவருக்குக் கண்டிக் கந்தோருக்கு மாற்றம் கிடைத்தபோது கட்டுகஸ்தோட்டையில் வீட்டுச் சொந்தக்காரர் நளீர் நானாவின் கடைக்குப் பின்னால் வீடெடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மகாவலிப் பாலத்தில் பஸ் ஏறுகிற சத்தம் கேட்கும்.

அந்த ஓமையும், பிறகு என்பதற்கு அவர் சொல்கிற 'பேந்து'வையும், சீக்கிரம் என்பதற்குச் சொல்கிற 'கெதியா'வையும் யசோதா ஒருமாதிரிச் சகித்துக்கொண்டாள். அவரும் வீட்டுக்குள் அவளுக்காகப் பார்த்துப் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, இவளுக்கு விளங்குமா என்று நினைத்து வைப்பார். அது மரியாதை என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள், இரஞ்சிதம் வரும்வரை.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்த காலம் அது. வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் படிப்பிக்க அனுப்பப்பட்ட இரஞ்சிதம் டீச்சர், நளீர் நானாவின் பின் அறைக்குக் குடிவந்தாள். அறைக்கும் யசோதாவின் அடுப்படிக்கும் நடுவில் ஒரு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய், இடுப்பளவுச் சுவர்.

வந்த அன்றே வீரசிங்கம் அந்தச் சுவரில் கையை ஊன்றி, "எவடம்?" என்று கேட்டார். அவள் ஊரைச் சொன்னாள். அவ்வளவுதான், பூட்டுக் கழன்ற மாதிரி ஆகிவிட்டது.

"மெய்யே? அப்ப தம்பிராஜா மாஸ்ரரைத் தெரியுமோ?"

"ஓமோம், எங்கட ஒழுங்கைதான்! அவரின்ர நாய் என்னைக் கலைச்சுக்கொண்டு ஓடிவராத நாளில்லை."

அடுப்படியில் யசோதாவின் கை நின்றது. அந்த 'ஓமோம்' வெளியே வருகிற 'ஓமோம்'. திரும்பி அவர் சொன்னதும் அப்படித்தான், வாய் நிறைய. தனக்கு மட்டும்தான் உள்ளே இழுக்கிற ஓமா?

அதற்குப் பிறகு பின்னேரம் வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் நேரே முற்றத்துக்குத்தான் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கதிரையைப் போட்டுக்கொண்டிருப்பாள். என்ன பேசுகிறார்கள் என்று யசோதாவுக்குப் பாதி விளங்காது. சொற்கள் கல் பாவிய ஆற்றில் தண்ணீர் போகிற மாதிரி ஓடும். இடையிடையே வீரசிங்கம் குரலை மாற்றி என்னவோ சொல்வார். இரஞ்சிதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ!" என்பாள். அவர் திருப்பிச் சொல்வார். இருவருக்கும் சிரிப்புத் தாங்காது. யசோதா எட்டிப் பார்த்தால் சட்டென்று அடங்கிவிடும்.

"அப்பிடி என்னாங்க சிரிப்பு?"

"சும்மா, ஒரு பகிடி."

அந்தப் பகிடியை அவளுக்குச் சொல்ல அவர் ஒருநாளும் மெனக்கெடவில்லை.

நளீர் நானாவும் சும்மா இருக்கவில்லை. சீனி நிறுத்துக்கொண்டே, "ஒங்கட ஊட்ல இப்ப ரெண்டு ரேடியோ, மகள். ஒண்டு யாழ்ப்பாணம், ஒண்டு நாவலப்பிட்டி. யாழ்ப்பாணம்தான் சத்தம் கூட" என்றார்.

"எங்க ரேடியோவுக்கு பேட்டரி தீந்துபோச்சு நானா" என்று யசோதா சிரித்தாள். வீட்டுக்கு வந்து சீனியைப் போத்தலில் கொட்டும்போது பாதி கீழே போயிற்று.

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிரிப்பு முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டுக்குள் வரவேண்டும். ஊரைவிட்டு, உறவைப் பகைத்து அவர் கட்டிக்கொண்டது தன்னைத்தானே? இப்போது அவருடைய ஊரே பின் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. பகலில் துணி துவைக்கும்போது, குழாய்ச் சத்தத்துக்குள் ஒளித்து, "பேந்து... கெதியா... என்ன மாதிரி..." என்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு அந்நியச் செருப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் ஒரு மாலை, தட்டை வைத்துவிட்டு, "கெதியாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லியே விட்டாள்.

வீரசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், சோறு புரையேறும் அளவுக்கு.

"வேண்டாம் யசோதா. உமக்கு இது சரிவராது. உம்மட கதைதான் உமக்கு வடிவு."

சரிவராது என்ற முதல் பாதிதான் அவள் காதில் விழுந்தது; அவளுடைய பேச்சுத்தான் அவளுக்கு அழகு என்ற மறுபாதி விழவில்லை.

அடுத்த ஞாயிறு. வீரசிங்கம் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரஞ்சிதம் அரிசிச் சட்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நாளாகவே இப்படி எதையாவது கேட்டுக்கொண்டு வந்து, போகாமல் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யசோதா அக்கா, உங்கட சுளகை ஒருக்காத் தாறீங்களே? அரிசியெல்லாம் கல்லாக் கிடக்கு."

சுளகு அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கியது. யசோதா அதற்குக் கீழேயே நின்றாள். சுளகென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ தரம் வீரசிங்கமே அதை அப்படிக் கேட்டிருக்கிறார்.

"என்னாது டீச்சர்?"

"சுளகு, அக்கா."

"அப்பிடி ஒண்ணு எங்க வீட்ல இல்லீங்களே."

இரஞ்சிதம் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். யசோதா சிரிக்காததைக் கண்டு கையை நீட்டிக் காட்டினாள். "அந்தா, அது."

"ஓ, மொறமா!" யசோதா குரலை முன்னறைவரைக்கும் உயர்த்தினாள். "அதத் தமிழ்ல கேக்குறதுதானே டீச்சர்? நீங்க பேசுறது ஒண்ணுமே வெளங்கலீங்க. எனக்கு மட்டுமில்ல, இந்தப் பக்கத்துல ஒரு மனுசருக்கும் வெளங்காது."

பதிலுக்கு ஒரு குத்தல் வருமென்று யசோதா காத்திருந்தாள், அதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தாள். ஆனால் இரஞ்சிதத்தின் முகத்தில் கோபம் வரவில்லை. சாயம் போகிற துணியைத் தண்ணீரில் முக்கிய மாதிரி, முகத்திலிருந்து ஏதோ மெல்லக் கழன்று போனது. "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு, சுளகை வாங்காமலே திரும்பிப் போனாள்.

முன்னறையில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"உமக்குச் சுளகு தெரியாதே?"

"தெரியாதுங்க."

அவர் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்த மாதமே இரஞ்சிதம் பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவே ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியைத் தூக்கும்போது, "போயிட்டு வாறன் அக்கா" என்றாள். யசோதாவுக்கு விளங்கியது, தலையாட்டினாள். வீரசிங்கம் பஸ்வரைக்கும் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

இனிச் சிரிப்பு வீட்டுக்குள் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். புட்டவித்தாள், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். அவர் எல்லாவற்றையும் நன்றாகச் சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்றார். அந்த 'நல்லாயிருக்கு' அவளுடைய தமிழில் இருந்தது, சுத்தமாக, ஒரு பிழையும் இல்லாமல். வரவர வீட்டுக்குள் அவர் ஊர்ச்சொல் ஒன்றுகூட விழாமல் பேசினார். அதனால் பேச்சே குறைந்துபோனது. பின்னேரங்களில் முற்றம் வெறுமனே கிடந்தது. பொறாமைப்பட ஆளில்லாத வீட்டில் பொறாமை மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருந்தது. பஸ்ஸில் யாராவது யாழ்ப்பாணத்துப் பொம்பளை பேசினால், யசோதா முதலில் பார்ப்பது தன் புருசனின் முகத்தைத்தான்.

சில வருசங்களுக்குப் பிறகு ஒருநாள் நளீர் நானா கடையிலிருந்து கூப்பிட்டார். "மகள், இந்த அம்மா ஒங்கட பின்னறை டீச்சரத் தேடி வந்திருக்காங்க."

கடை வாசலில் தோட்டத்து அம்மா ஒருத்தி நின்றாள். பெயர் ராக்கம்மா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவள் மகள் பெரிய பரீட்சையில் பாசாகிவிட்டாளாம், அதைச் சொல்ல டீச்சரைத் தேடி வந்திருக்கிறாள். டீச்சர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டாள், பழைய விலாசம் இது ஒன்றுதான் தெரியும்.

"அவங்க யாழ்ப்பாணத்துக்கே போயிட்டாங்கம்மா" என்றாள் யசோதா.

"ஐயோ, அப்பிடிங்களா." ராக்கம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "வந்த புதுசுல ரொம்பப் பாடுபட்டாங்கம்மா. அவங்க பேசுறது எங்க புள்ளைங்களுக்கு வெளங்காது. வெளங்கல டீச்சர், வெளங்கல டீச்சர்னு கத்துங்க, வெளியில ஓடிருங்க. பெத்தவங்களும், வேற டீச்சர் போடுங்கன்னு மேல சொல்லிட்டாங்க. அழுதுட்டாங்க பாவம். அப்பறம் பாத்தா, காலையில காலையில எங்க பேச்சுல ரெண்டு ரெண்டு வார்த்த புதுசாப் பேசிக்கிட்டு வருவாங்க. புள்ளைங்களுக்கு ஒரே குஷி. யாருகிட்ட டீச்சர் படிச்சீங்கன்னு கேட்டா, எங்க பக்கத்து வீட்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்க மாதிரிப் பேசத்தான் பழகுறேன்னு சொல்லுவாங்க. அந்தக்கா கோபப்பட்டா எப்பிடிப் பேசுவாங்க, கடையில எப்பிடிப் பேசுவாங்க, எல்லாத்தையும் அவங்க வீட்டுக்காரருதான் சாயங்காலத்துல பேசிக் காட்டுவாராம்."