ஷாஃப்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

போன மாதம் ஒரகடத்தில் கப்பல் ரிப்பேர் பார்த்தேன். சிரிக்காதீர்கள்... ஒரகடத்தில் கடல் இல்லை என்பது எனக்கும் தெரியும்!

என் தங்கை கீதாவுக்கு அங்கே ஒரு லேத் பட்டறை. கார் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்துவிட, முதன்முறையாகக் கப்பல் வேலை பிடித்திருந்தாள். கப்பலின் விசிறியைச் சுழற்றும் நீளமான தண்டு — ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் — ஓரிடத்தில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. அதை எபாக்ஸி என்ற பிசின் பூசி நிரப்பி, இறுகியதும் பழைய அளவுக்குக் கடைய வேண்டும். சரியாக வந்தால் அந்தக் கப்பல் முதலாளியின் மற்ற கப்பல்களும் இவளிடம் வரும். வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

“வீட்டுல குழாய் ஒழுகினா பிசைஞ்சு அடைப்போமே, அதுவா?” என்றேன். முறைத்தாள்.

எபாக்ஸிக்கு ஒரே ஒரு வீம்பு. பூசும் இடம் படு சுத்தமாக இருக்க வேண்டும். வெறும் கை பட்டால்கூடக் கோபித்துக்கொள்ளும். அதனால் மணல் மாதிரியான துகள்களைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சியடித்து இரும்பைச் சொரசொரப்பாக்கி, துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் கப்பல் முதலாளி வந்து சேர்ந்தார். ராயபுரத்துக்காரர். கையில் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம்.

“இன்னாம்மா, பூஜ போடாமலே வேலய ஆரம்பிச்சிக்கினு கீறீங்க?”

அதே பள்ளத்தில், அதே சொரசொரப்பில், மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, குங்குமமும் வைத்தார். கீதா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? போட்டோ எடுத்தேன்.

அவர் போனதும் அவசரமாகத் துடைத்துவிட்டுத்தான் பூசினார்கள். ஆனால் சொரசொரப்புக்குள் போன சந்தனம் லேசில் வருமா? இறுகியபின் கடையும்போது, பொட்டு வைத்த இடத்தில் மட்டும் எபாக்ஸி அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. கீதா அழவில்லை. பெயர்ந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

முதலாளி வந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

“நான் அப்பவே நெனச்சேம்மா. ராகு காலம் தொடங்கிட்ச்சு. அதான் புட்டுக்கிச்சு. நாளைக்கு நல்ல நேரத்துல பூஜய பெருசா பண்ணிக்கலாம்.”

பெருசா! எனக்கு வாய் துறுதுறுத்தது. கீதா என் காலை மிதித்தாள்.

“கண்டிப்பா பண்ணிடலாம் சார். பழசை எடுத்துட்டு மறுபடி பீய்ச்சியடிக்கணும். அதுதான் முதல் வேலை. பூஜையை அதுக்கு முன்னாடியே வெச்சுக்கலாம்.”

அவருக்குப் பரம திருப்தி. மறுநாள் தேங்காய், விபூதி என அமர்க்களப்படுத்தினார். அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் பட்டையும் பொட்டும் துகளோடு பறந்துவிட்டன. பிறகு பூசி, இறுகியதும் கடைந்தபோது எதுவும் பெயரவில்லை. வேலையைச் சோதித்துச் சான்று தரும் கப்பல் சர்வேயர் வந்து சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். தலையாட்டிவிட்டார்.

“பாத்தியாம்மா, நேரம் நல்லா இருந்தா எப்டி புட்ச்சிக்குது!” என்று முதலாளி பூரித்துப் போனார். அடுத்த ஷாஃப்டையும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லலாம்ணா” என்றாள் கீதா. “அவரோட கடைசிக் கப்பல் முடியட்டும்.”